ரிவிஷன் பி-யின் நல்லடக்கம்

சாந்தன்பாறையில் ஒரு தோட்டக்காரர், நாங்கள் செய்து கொடுத்த ஏலக்காய் ட்ரையரின் கதவைத் திறப்பதற்காகத் தன் வீட்டுச் சுவரை இடித்தார். இடித்தும் கதவு முழுசாகத் திறக்கவில்லை. கோபத்தில் கதவின் கைப்பிடியையும் சுத்தியலால் நாலு போடு போட்டுவிட்டு, ட்ரையரை லாரியில் ஏற்றி எங்களுக்கே திருப்பி அனுப்பினார். சுவரை அனுப்ப முடியாதல்லவா, அதை மட்டும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். என் வேலைக்கு வேட்டு வைத்தது அந்த போட்டோதான்.

என் பெயர் ஜிஸ்மி. பூப்பாறையிலிருந்து சாந்தன்பாறை போகிற வழியில் ஏலக்காய் ட்ரையர் செய்யும் கம்பெனியில் ட்ராயிங்குகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ட்ரையர் என்றால் ஓர் ஆள் உள்ளே நின்று நடமாடக்கூடிய இரும்பு அறை. பச்சைக் காயைத் தட்டுத் தட்டாக அடுக்கி, சூடான காற்றை உள்ளே விட்டால் காய் காய்ந்துவிடும். ஈரம் போக மேலே ஒரு புகைக்குழாய் இருக்கும். இந்த அறையின் ஒவ்வொரு தகட்டுக்கும் ட்ராயிங் உண்டு. ட்ராயிங்கில் எதையாவது மாற்றினால் அதற்கு ரிவிஷன் என்று பெயர். முதலில் வந்தது ஏ, திருத்தியது பி, மறுபடி திருத்தினால் சி. புதியது வந்ததும் அதைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போட வேண்டும். "இதுக்குன்னு ஒரு ஆளா?" என்று கேட்பவர்கள், எங்கள் பட்டறைக்கு வந்து ஒரே ஒரு பழைய ட்ராயிங்கைத் திரும்ப வாங்கிக் காட்டட்டும். நானே மாலை போடுகிறேன்.

எங்கள் முதலாளி கபிரியேலுக்கு, இயேசுவை வளர்த்த சூசையப்பர் மேல் அவ்வளவு பக்தி. சூசையப்பர் தச்சுவேலை பார்த்தவர், நம்ம லைன் ஆள் என்பார். மே முதல் தேதி அவருடைய திருநாளன்று பட்டறையில் இருக்கும் சுத்தியல், வெல்டிங் மெஷின், ட்ராயிங் எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து, பங்கு ஃபாதரைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கச் சொல்வார். கேக் வெட்டுவார். அது நல்ல வழக்கம்தான், கேக்கும் நன்றாகவே இருக்கும். ஆனால் ட்ராயிங் மே மாதத்தில் மட்டுமா மாறுகிறது? ஆகஸ்டில் மாறும். ஓணத்துக்கு முந்தின நாள் மாறும். அப்படி மாறி வருவதற்குத் தீர்த்தம் படுவதில்லை. தீர்த்தம் படாத ட்ராயிங்கை எங்கள் ஹெட் ஃபிட்டர் சின்னமுத்து அண்ணன் கையால் தொடுவார், கண்ணால் பார்ப்பார், ஆணியில் மாட்டுவார். அதைப் பார்த்து வேலை மட்டும் செய்ய மாட்டார்.

சாந்தன்பாறை ட்ரையருக்கு நடந்தது இதுதான். அந்தத் தோட்டக்காரரின் வீட்டை ஒட்டிய ஏலக்காய் ஸ்டோரில் ஒரு பக்கம் வீட்டுச் சுவர். அதனால் கதவை மறுபக்கம் திறக்கிற மாதிரி மாற்றி ரிவிஷன் சி வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சின்னமுத்து அண்ணன் அதை வாங்கி மாட்டிவிட்டு, மே மாதம் மந்திரித்த ரிவிஷன் பி-யைப் பார்த்துக் கதவை வைத்துவிட்டார்.

"ஏண்ணே, சி கையில குடுத்தேன்ல?"

"குடுத்த பாப்பா, நான் இல்லேங்கல. நல்ல ட்ராயிங்தேன். ஆனா தீர்த்தம் படலையே."

"நீங்க சூசையப்பரக் கும்பிடுறவுகளா? நெத்தியில பட்டை போட்டுக்கிட்டு வாரீக. ஒங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?"

"வேற சாமிங்கிறதுனாலதேன் பயம். நம்ம சாமின்னா கால்ல விழுந்து சமாளிச்சுக்கிடுவேன். பழக்கமில்லாத சாமிகிட்ட நான் என்னன்னு பேச?"

எனக்கு வந்த கோபத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பழையதைக் கிழிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. மந்திரித்த காகிதத்தை யாராவது கிழிப்பார்களா? அதனால் ஏ, பி, சி எல்லாம் பட்டறைச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கின. கம்பெனியின் முதல் ட்ராயிங்கான ரிவிஷன் ஏ-க்கு தினமும் ஊதுபத்தி வேறு.

போன வருஷம் தரச் சான்றிதழுக்காகக் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஆடிட்டர் சிவப்பிரகாஷ் சார் இந்தச் சுவரைப் பார்த்தார். ஊதுபத்தியையும் பார்த்தார். 'பழைய ட்ராயிங்குகள் பட்டறையில் புழக்கத்தில் உள்ளன' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். இந்த வருஷமும் அதையே எழுதினால் சான்றிதழ் போச்சு. சான்றிதழ் இல்லாவிட்டால் பெரிய எஸ்டேட்டுகள் எங்களிடம் ட்ரையர் வாங்காது.

மீட்டிங்கில் முதலாளியின் மகன் ரிஜோ சார் சாந்தன்பாறையில் இடித்த சுவரின் போட்டோவை எல்லோருக்கும் காட்டினார். அவர் இன்ஜினியரிங் படித்தவர், ட்ராயிங் எல்லாம் வரைவது அவர்தான்.

"இந்தத் தடவையும் எழுதிட்டாங்கன்னா பேப்பர் செக்‌ஷனையே எடுத்துருவோம் பப்பா. எல்லாம் என் கம்ப்யூட்டர்ல இருக்கு. அதப் பாக்க எதுக்குத் தனியா ஒரு ஆளு?"

அந்த 'ஒரு ஆளு' அவருக்கு எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. கையில் பேனாவும் இருந்தது. குத்தியிருக்கலாம், குத்தவில்லை.

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் நல்ல மனிதர், அதனாலேயே எதையும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். "ஆடிட்டு முடியட்டும்டா. அப்புறம் பாத்துக்கிடலாம்," என்றார். நான் இன்னும் புரொபேஷனில்தான் இருந்தேன், வேலை நிரந்தரமாகவில்லை. அவர் சொன்னதற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது.

என் அம்மா சிசிலி ஏலத் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற எங்கள் லைன் வீடுகளில் மேசை நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் பெண் நான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். பார்க்காதவர்களிடம் போனில் சொன்னாள். இந்த வேலை போனால் எறணாகுளத்தில் ஜவுளிக்கடை, ஹாஸ்டல், மாதம் ஒரு தடவை வீடு. எனக்கு அது வேண்டாம். எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதைச் சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாளே பங்கு ஃபாதரிடம் போனேன். ஃபாதர் பினு இந்த ஊருக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. நான் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மே மாசம் மட்டுந்தான் தீர்த்தம் கிடைக்கும்னு ஆரு சொன்னா? வருஷம் முழுக்கக் கோயில்ல இருக்கே! எப்பக் கூப்பிட்டாலும் நான் வந்து தெளிப்பேனே!"

இத்தனை வருஷத்தில் இந்த ஒரு கேள்வியை ஒரு மனிதர்கூடக் கோயிலில் போய்க் கேட்கவில்லை.

"சரி ஃபாதர். புதுசுக்குத் தெளிச்சிரலாம். மந்திரிச்ச பழச என்ன செய்ய? கிழிக்க விட மாட்டேங்குறாக."

"கிழிக்கப்பிடாது. மந்திரிச்ச பொருள் பழசானா ஒண்ணு எரிக்கணும், இல்லன்னா மண்ணுல புதைக்கணும். அதான் மொறை."

எரிப்பதற்குச் சின்னமுத்து அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "ட்ரையர் ட்ராயிங்கத் தீயில போடப்பிடாது பாப்பா. நாம வித்த ட்ரையர் பூராம் தீப்பிடிச்சிரும்," என்றார். ஏற்கெனவே ஒன்று பிடித்திருக்கிறதாம். அங்கே விறகு போட்ட ஆள் தூங்கிப்போனதுதான் காரணம் என்று ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரியும். ஆனாலும் முடியாது என்றார்.

ஆக, புதைப்பது என்று முடிவானது. கம்பெனி வளாகத்தில் ஒரு சாண் தோண்டினால் பாறை. முதலாளி ஃபாதரிடம் கெஞ்சி, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே ஒரு மூலை வாங்கினார். ஃபாதருக்கு ஒழிந்த நாள் ஒன்றுதான் கிடைத்தது. அது ஆடிட்டர் வருகிற நாள். சார் மத்தியானம்தான் வருவார், காலையிலேயே சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். நானும் நம்பினேன், எனக்குப் புத்தி இல்லை.

பழைய ட்ராயிங் ஒன்றுவிடாமல் சுவரிலிருந்து இறக்கினோம். குழியில் போடப் போகிற காகிதம்தான், ஆனால் என்னால் அள்ளித் திணிக்க முடியவில்லை. நம்பர் வாரியாக அடுக்கி, கட்டுக் கட்டாக நாடா போட்டுக் கட்டினேன். மழைக்காலம் என்பதால் பிளாஸ்டிக் உறையும் போட்டேன். கட்டும்போது ரிஜோ சாரிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டேன்.

"சார், பழசெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல?"

"எல்லாம் இருக்கு ஜிஸ்மி. நீ பொதைக்கிற வேலைய மட்டும் பாரு."

கட்டுகளை வைக்கப் பெட்டி தேடினால், பெரிய மின்விசிறி வந்த மரப்பெட்டி ஒன்றுதான் கிடைத்தது. ஆள் நீளத்துக்கு இருந்தது. அதைப் பார்த்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சின்னமுத்து அண்ணனும் ஃபிட்டர்களும் பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். ஏன் தோளில் என்று கேட்டால், ஜீப்பில் போட்டால் குலுங்குமாம். சாரல் விழுந்ததால் முதலாளி பெட்டிக்குக் குடை பிடித்தார், தான் நனைந்தார். ரிவிஷன் ஏ உள்ளே இருப்பதை நினைத்து அவர் கண் கலங்கிவிட்டது. முன்னால் அங்கி போட்ட ஃபாதர். இப்படி ஒரு கூட்டம் கல்லறை ரோட்டில் திரும்புவதைக் கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை மணிக்கூண்டிலிருந்து பார்த்தார். அவர் யாரையும் கேட்கவில்லை. கை தானாகக் கயிற்றுக்குப் போய்விட்டது, துக்க மணி அடித்துவிட்டார்.

சத்தமில்லாமல் முடிக்க வேண்டிய காரியம் அத்தோடு கெட்டது. மணி கேட்டு மேல் தோட்டத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். டீக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். எங்கிருந்தோ ஒரு மலர் வளையம்கூட வந்தது.

ஊரில் எந்தச் சாவுக்கும் ஒப்பாரி வைக்கிற சின்னத்தாயி அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏட்டி ஜிஸ்மி, ஆருடி போயிட்டாக?"

"ஆரும் இல்லக்கா. பழைய ட்ராயிங்கு."

அக்கா பெட்டியைப் பார்த்தார். முதலாளி அழுவதைப் பார்த்தார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார், சும்மா திரும்ப முடியுமா?

"வந்தது வந்துட்டேன்," என்று மடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"காயப் போட்ட ஏலமெல்லாம் - ஒன்னக்
காணலேன்னு வாடுதே,
கதவத் தொறக்கும் திக்குச் சொல்ல - இனிக்
காயிதம்தான் ஏதய்யா!"

கூட வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். ரிஜோ சார் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்தார், துக்கத்தில் என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அவர் மேல் அந்தக் கணம் மட்டும் கொஞ்சம் இரக்கம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. முந்தின நாளே மலையேறி வந்து தங்கிவிட்ட சிவப்பிரகாஷ் சார் அதிலிருந்து இறங்கினார். ஜீப்பிலேயே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தார். குழிக்குள் பெட்டியை இறக்கியதும் எல்லோரும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். அவரும் போட்டார். போட்டுவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கம்பெனி ஆளுங்களா? ரொம்ப வயசானவருங்களா?"

"இல்ல சார். ரிவிஷன் ஏ-யும் பி-யும்."

அவர் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு சுற்றி நின்ற அத்தனை ஜனத்தையும் பார்த்தார். கையைத் தட்டிவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

ஆனால் பட்டறைக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. மேசைகளில் ரிவிஷன் சி மட்டும், அதுவும் காலையில் ஃபாதர் தெளித்த தீர்த்தத்தின் ஈரம் காயாமல். சார் எங்கெங்கேயோ தேடினார். டிபன் பாக்ஸுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

"பழசு ஒண்ணுகூட இல்லீங்களே. பழச எடுத்துப்போட்டோம்னு எல்லா ஊர்லயும் சொல்லுவாங்க, ஆதாரம் இருக்காதுங்க. இங்க ஊரே சாட்சி!"

நான் உள்ளுக்குள் குதித்தேன். வேலை தப்பியது என்றே நினைத்துவிட்டேன்.

கடைசியாக, திரும்பி வந்த சாந்தன்பாறை ட்ரையரைப் பார்க்க வேண்டும் என்றார் சார். முற்றத்தில் நின்றிருந்தது. டார்ச் லைட்டோடு உள்ளே போனார். "கதவு நல்லாச் சாத்துதுங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. சின்னமுத்து அண்ணனுக்குத் தன் கதவைப் பற்றி யாராவது கேட்டால் போதும்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீக? காத்துக்கூட வெளிய வராது சார்!" என்று சொல்லி ஓங்கிச் சாத்தினார். கதவு அருமையாகச் சாத்திக்கொண்டது. தோட்டக்காரர் சுத்தியலால் அடித்திருந்த கைப்பிடி அண்ணன் கையோடு வந்துவிட்டது.

அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புகைக்குழாய் வழியாகக் குரல் வந்தது.

"ஏனுங்க, தொறங்க. பாத்தாச்சுங்க."

தள்ளினார்கள், இழுத்தார்கள், கடப்பாரையை விட்டுப் பார்த்தார்கள். காற்றுக்கூட வெளியே வராத கதவில் கடப்பாரை எப்படி நுழையும்? கட்டரை வைத்துத் தகட்டை அறுக்க ஆரம்பித்தார்கள். கதவு ஓரத்து ரப்பர் தீய்ந்து உள்ளே புகை போனது. புகைக்குழாயில் ஒரே இருமல்.

"வேண்டாங்க! பொகையுதுங்க! நிறுத்துங்க சாமி!"

சின்னமுத்து அண்ணன் வியர்வையைத் துடைத்தார். "ஒரே வழிதேன் இருக்கு. கதவத் தாங்குற போல்ட்டு மூணு உள்தகட்டுக்கும் வெளித்தகட்டுக்கும் நடுவுல இருக்கு. நேரா அந்த எடத்துல தொளை போட்டுத் தட்டிவிட்டா கதவு கழண்டுரும். எடம் தவறுச்சுன்னா தொளை உள்ள இருக்குற அவுகளுக்குத்தேன் விழும்."

"எடம் எங்கண்ணே?"

"பத்துப் பதினஞ்சு மாதிரிக் கதவு வச்சிருக்கேன். எதுல எங்க வச்சேன்னு ஆருக்குத் தெரியும்? ட்ராயிங்கக் கொண்டா பாப்பா."

இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து ட்ராயிங் கொண்டா என்று ஒரு சொல் வந்ததில்லை. நான் சந்தோஷப்படக்கூட நேரமில்லை.

"எந்த ரிவிஷன்ணே?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பி-ல பண்ணுனதுதேன் இது. சி-ல போல்ட்டு அந்தப் பக்கமில்ல இருக்கு."

எல்லோரும் கோயில் இருக்கிற திசையைப் பார்த்தோம்.

"கம்ப்யூட்டர்ல இருக்கு, இருங்க," என்று ரிஜோ சார் ஆபீசுக்கு ஓடினார். முதலாளி ஜெபமாலையை எடுத்தார். ஓடிய வேகத்தில் ரிஜோ சார் திரும்பி வரவில்லை. மெதுவாக வந்தார்.

"இல்ல பப்பா."

"எல்லாம் இருக்குன்னியேடா!"

"பி-யத் தொறந்து, அதுலயே கதவ மாத்தி, அதே ஃபைல்ல சேவ் பண்ணிட்டேன். இப்ப அதுல சி மட்டுந்தான் இருக்கு."

"அப்ப பி ரிவிஷன் எங்கீங்க இருக்கு?" என்று கேட்டது புகைக்குழாய்.

"அடக்கம் பண்ணியாச்சு சார்," என்றேன். "நீங்களும் மண்ணு போட்டீக."

குழாயிலிருந்து இரண்டு இருமல் வந்தது.

இப்போது என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டறையில் பழைய ட்ராயிங் ஒன்றுகூட இல்லை என்று ஆடிட்டர் வாயாலேயே வாங்கியாகிவிட்டது. இப்போது நானே போய் ஒன்றைத் தோண்டி எடுத்து வந்து, அவர் கண் முன்னாலேயே அதைப் பார்த்து வேலை செய்ய வைக்க வேண்டும். போன வருஷம் எழுதிய அதே தப்பு. நான் ட்ரையர் பக்கத்தில் போய் ஒரு ஸ்டூலில் ஏறிக் குழாயில் வாய் வைத்தேன்.

"சார், பழைய ட்ராயிங்க இங்க கொண்டுவந்தா நீங்க எழுதுவீகளா?"

உள்ளே யோசிக்கிற சத்தம் கேட்டது போல இருந்தது.

"எழுதித்தானுங்க ஆகோணும். கண்ணால பாத்தத எப்புடி எழுதாம இருக்கறதுங்க?"

"அப்பக் கொண்டுவரவா, வேண்டாமா?"

நீண்ட பெருமூச்சு ஒன்று வந்தது.

"வெரசாக் கொண்டாங்க அம்மிணி."

பொய் சொல்ல மாட்டேன். நேர்மையான மனிதர்தான், ஆனாலும் அவரை அங்கேயே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என் அம்மாவின் முகம் வந்தது. எறணாகுளம் ஹாஸ்டல் வந்தது. பிறகு அவர் இருமினார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி ஜீப்பில் ஏறினேன். ஏறும்போது அழுகை வந்தது, சாரல் என்று சொல்லிக்கொண்டேன்.

கல்லறைத் தோட்டத்து வாசலில் கூட்டம் கலையவே இல்லை. முதலாளி ஏற்பாடு செய்திருந்த பால் விடாத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான் மண்வெட்டியோடு இறங்கியதைப் பார்த்து ஃபாதர் எழுந்தார்.

"அடக்கம் பண்ணுனதத் திரும்ப எடுக்கணும்னா பிஷப் ஒத்தரவு வேணும் ஜிஸ்மி."

"ஃபாதர், அங்க ட்ரையருக்குள்ள ஒரு மனுசன் இருக்காக. இத எடுக்கலைன்னா அடுத்த அடக்கம் அவுகளுக்குத்தான்."

ஃபாதர் ஒரு வாய் சாயா குடித்தார். "பேப்பருக்கு ஒத்தரவு வேண்டாம்னு நினைக்குறேன்," என்று சொல்லி, அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.

சின்னத்தாயி அக்கா எட்டிப் பார்த்தார். "ஒங்க சாமி மூணு நாள் கழிச்சில்ல எந்திரிச்சாக? இவுக மத்தியானத்துக்குள்ள எந்திரிக்காகளே!"

பெட்டி மூடியை நெம்பியதும் நான் கையை விட்டேன். நம்பர் வாரியாக அடுக்கியிருந்ததால் தேடவே வேண்டியிருக்கவில்லை. கதவுக் கட்டு, ரிவிஷன் பி. உறைமேல் மட்டும் கொஞ்சம் மண். ஜீப் பறந்தது.

சின்னமுத்து அண்ணன் ட்ராயிங்கை ட்ரையர் மேலேயே விரித்துவைத்து அளந்தார். மூன்று இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். துளை போட்டுத் தட்டியதும் மூன்று போல்ட்டும் விழுந்தன. ஆறேழு பேர் பிடித்து இறக்கியதும் கதவு அப்படியே வந்துவிட்டது. உள்ளே சிவப்பிரகாஷ் சார் காலியான ஏலக்காய்த் தட்டு ஒன்றின்மேல் உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்திருந்தது, தலையில் காய்ந்த ஏலத் தோல் ஒட்டியிருந்தது. கிட்டே போனால் பாயசம் மாதிரி மணத்தார்.

அவர் தண்ணீர் குடித்தார், முகம் கழுவினார். ஆபீசில் உட்கார்ந்து பேப்பரை எடுத்து நெடுநேரம் எழுதினார். முதலாளி வாசலில் நின்றார். ரிஜோ சார் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஒண்ணுங்க," என்று சார் படித்தார். "பழைய ட்ராயிங் பட்டறையில பயன்படுத்தப்பட்டது. இது ரெண்டாந் தடவைங்க. இந்த வருசம் பாஸ் இல்லீங்க. சான்றிதழ நிறுத்தி வெக்கறோம்."

அவ்வளவுதான். நான் என் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ரெண்டுங்க. வித்த மெஷின் ஓடற வரைக்கும் அதோட ட்ராயிங் பத்திரமா இருக்கோணும். பட்டறையில இல்லீங்க. 'பழையது'ன்னு முத்திரை குத்தித் தனி அலமாரியில பூட்டி வெக்கோணும். மந்திரிக்கறது, மந்திரிக்காதது உங்க இஷ்டங்க. ஆனா புதைக்கற வேலை ஆகாதுங்க. இதையெல்லாம் பாத்துக்கறதுக்கு இந்தக் கம்பெனியில முழுநேர ஆள் கிடையாது. அந்த ஆளப் போட்டாத்தான் மூணு மாசங் கழிச்சு நான் மறுபடி வருவேன், சான்றிதழத் தருவேன்."

"கம்ப்யூட்டர்ல சார்..." என்று ஆரம்பித்தார் ரிஜோ சார்.

"கம்ப்யூட்டர் என்னைய வெளிய எடுக்கலீங்களே," என்றார் சிவப்பிரகாஷ் சார்.

முதலாளி அவசரமாக உள்ளே வந்தார். "ஆள் இருக்கே சார். ஜிஸ்மி இருக்கே!"

"புரொபேஷன்ல இருக்கற ஆள எழுத முடியாதுங்க. அம்மிணி நிரந்தரமுங்களா?"

முதலாளி மகனைப் பார்த்தார். ரிஜோ சார் தரையைப் பார்த்தார். முதலாளி முதன்முறையாக ஒரு விஷயத்தை முகத்துக்கு நேரே சொன்னார்.

"நிரந்தரம் சார். எழுதிக்கிடுங்க."

சார் எழுதினார். என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதினார். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது, ஆபீசை விட்டு வெளியே ஓடிவிட்டேன். போன் அடித்துக்கொண்டிருந்தது, அம்மாதான். பின்னால் தோட்டத்துப் பெண்களின் சளசளப்பு கேட்டது. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று புரிந்தது.

"ஏத்தா, பாஸாயிட்டீகளா?"

"ஃபெயிலும்மா."

"சரி விடுத்தா," என்றாள், குரலே அவளுடையதாக இல்லை. "அழுவாத. வீட்டுக்கு வா."

"ஃபெயிலானதுனால எனக்கு வேலை நிரந்தரமாயிருச்சும்மா. ஆள் வேணும்னு ஆடிட்டரே எழுதிட்டாக. எம் பேரப் போட்டு எழுதிட்டாக."

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே மலைக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏ பிள்ளைகளா! எம்மக ஃபெயிலாயிட்டாடி! வேலை நிரந்தரமாம்!"

ஏலச் செடிகளுக்கு நடுவிலிருந்து குலவை எழும்பியது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி பிடித்துக்கொண்டாள். நான் போனைக் காதில் வைத்தபடி முற்றத்தில் நின்று, அது முடிகிற வரைக்கும் கேட்டேன்.